பின்னால் வந்த வண்டி

சென்ற ஆண்டு ஒரு மாலை வேளை. சென்னையை அடுத்த குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையில், சிவப்பு விளக்கைக் கண்டு என் காரை நிறுத்தியிருந்தேன். அருகில் என் தமக்கையின் மகன் அமர்ந்திருந்தான். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். கார் ஓட்டக் கற்று, உரிமம் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆகையால் என் ஓட்டுதலில் குற்றம் காண்பதில் அவனுக்குத் தனி ஊக்கம் இருந்தது.

"முன் வண்டிக்கு இவ்வளவு இடம் விட வேண்டுமா, மாமா? ஓர் ஆட்டோ நுழைந்துவிடுமே" என்றான். அவன் வாய் மூடுவதற்குள் பின்புறத்தில் பேரோசை ஒன்று எழுந்தது. கார் ஒரு முழம் முன்னே பாய்ந்து நின்றது. அவன் ஏளனம் செய்த இடைவெளி இருந்தபடியால், முன்னே நின்ற வண்டியின்மேல் நாங்கள் மோதவில்லை.

இறங்கிப் பார்த்தேன். மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி. தண்ணீர் கேன்களை ஏற்றி வந்தது. அதன் மூக்கு என் காரின் டிக்கிக்குள் புதைந்திருந்தது. பின் கண்ணாடி பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது. ஓட்டி வந்தவனுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. கை நடுங்கச் சட்டைப்பையிலிருந்து நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினான்.

"தப்பு என்மேல்தான் சார். இதை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் மட்டும் வேண்டாம் சார். முதலாளிக்குத் தெரிந்தால் முழுத் தொகையையும் என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நம் ஊரில் விபத்து நிகழ்ந்த இரண்டாவது நிமிடமே ஒரு நீதிமன்றம் அமைந்துவிடும். அதற்கு நீதிபதிகள் மட்டும் இருபது பேர். அவர்களுள் முதியவர் ஒருவர், "வாங்கிக்கொண்டு போங்கள் ஐயா. கோர்ட்டு கச்சேரி என்று யார் அலைவது?" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

மாணவர்களே, அந்த நான்கு தாள்களை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு ஐந்து நிமிடந்தான் இருந்தது. பின்னால் கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஐந்து நிமிடத்தில் நான் சரியாகச் செய்தவையும் உண்டு. தவறாகச் செய்தது ஒன்றும் உண்டு. இன்றோ நாளையோ நீங்களும் வண்டி ஓட்டப்போகிறவர்கள். ஆகையால் இரண்டையும் சொல்கிறேன்.

முதலில், மோட்டார் இன்ஷூரன்ஸ் என்பது ஒரே பொருள் அன்று. ஒரே தாளில் எழுதப்பட்ட இரண்டு பொருள்கள். ஒன்று, என் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு செய்வது. இதையே 'தேர்ட் பார்ட்டி' என்கிறோம். இரண்டாவது, என் வண்டிக்கே நேரும் சேதத்துக்கு ஈடு செய்வது. இரண்டும் சேர்ந்ததைத்தான் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று பேச்சு வழக்கில் குறிக்கிறார்கள். முன்னது கட்டாயம், பின்னது அவரவர் விருப்பம்.

ஏன் முன்னதை மட்டும் கட்டாயமாக்கினார்கள்? மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், அடிபட்டவர் வழக்கில் வென்றும் பயன் இல்லாத நிலை பலமுறை நேர்ந்தது. இடித்தவரிடம் கொடுக்கப் பணம் இராது. தீர்ப்பு வெறுந்தாளாய்ப் போகும். பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்குப் பரிகாரம் கண்டது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இவ்விதி இடம்பெற்று, 1946-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது நம்மை ஆள்வது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இன்ஷூரன்ஸ் இன்றி வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதன் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

ஆக, கட்டாய இன்ஷூரன்ஸ் அடிபட்டவனை மட்டும் காப்பதன்று, இடித்தவனையும் காக்கிறது. கையில் நான்கு தாள்களோடு என் எதிரே நின்ற அந்த இளைஞன் இதை அறியவில்லை. அவன் அஞ்சிய சுமையைத் தாங்குவதற்கென்றே அவன் முதலாளி ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவந்தார். அந்தப் பாலிசியின் நகல் அவன் வண்டியின் முன்பெட்டியிலேயே, ஊதுவத்திக் கூட்டுக்கும் கசங்கிய ரசீதுகளுக்கும் இடையே கிடந்தது. நான் கேட்ட பிறகுதான் அதைத் தேடி எடுத்தான். செல்லுபடியாகும் பாலிசிதான்.

நான் பணத்தை வாங்கவில்லை. பெருந்தன்மையால் அன்று, பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு என்பதை அறிந்திருந்தேன். நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் பாலிசிதாரர் எவரிடமும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, தரவோ கூடாது. இஃது இடித்தவரைக் கட்டுப்படுத்தும் விதி. அடிபட்டவருக்கும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. என் நிறுவனம் எனக்கு ஈடு தந்துவிட்டால், இடித்தவர்மீது எனக்கு இருந்த உரிமை, தந்த தொகையளவுக்கு நிறுவனத்துக்குச் சேரும். நான் சாலையில் இரண்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், எனக்கு மட்டும் உரியதல்லாத ஓர் உரிமையை விட்டுக்கொடுத்தவன் ஆவேன். பிறகு நிறுவனத்திடம் சென்று நிற்க முகம் ஏது?

வண்டிகளை நகர்த்துமுன் கைப்பேசியில் படங்கள் எடுத்தேன். பலரும் நசுங்கிய இடத்தை மட்டும் நெருங்கி நின்று படம் பிடிப்பார்கள். அது போதாது. இரண்டு வண்டிகளும் ஒட்டி நிற்கும் நிலை, இரண்டின் எண் பலகைகள், சாலைக்கோடு, சிக்னல் கம்பம் ஆகியவை ஒரே பார்வையில் விழுமாறு சற்று விலகி நின்றும் எடுக்க வேண்டும். யார் நின்றார், யார் வந்தார் என்பதைப் பிற்பாடு பேசப்போவது அந்தப் படந்தான். பிறகு அவனுடைய உரிமம், ஆர்.சி., பாலிசி ஆகியவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

இதுவரை சரி. பிறகுதான் அந்தத் தவறு. "யாருக்கும் காயம் இல்லை, போலீஸுக்குப் போகமாட்டேன், தம்பி, பயப்படாதே" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு என் மருமகனுக்குக் கழுத்து வலிக்கத் தொடங்கியது. காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. பின்னால் இடிபடும்போது நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். இருக்கை நம் முதுகைத் திடீரென்று முன்னே தள்ளுகிறது. தலைக்கு அந்தத் தள்ளுதல் உடனே கிட்டுவதில்லை. அது தன் நிலையிலேயே நிற்க முயல்கிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் முதல் விதிதான். ஆகவே கழுத்து பின்புறம் வளைந்து, மறுகணம் சாட்டையைச் சொடுக்கினாற்போல் முன்னே வீசப்படுகிறது. தசைகளும் தசைநார்களும் இழுபட்டு வீங்கச் சில மணி நேரம் ஆகும். ஆதலால் வலி பெரும்பாலும் தாமதித்தே தோன்றும். இருக்கையின் மேலுள்ள தலைத்தாங்கி அழகுக்கோ சாய்ந்து உறங்குவதற்கோ வைத்ததன்று. தலையையும் முதுகோடு ஒருசேர முன்னே தள்ளுவதற்கென்றே வைத்தது. அது தலையின் உச்சிக்குச் சமமாக உயர்ந்திருக்க வேண்டும். என் மருமகன் உயரமானவன். அவன் இருக்கையின் தலைத்தாங்கியோ கீழே அழுந்திக் கழுத்தளவில் கிடந்தது.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நடந்தது சாலை விபத்து என்று சொன்னவுடன் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள். எலும்புக்குச் சேதம் இல்லை. பத்து நாளில் குணமாகும் என்றார்கள். ஆனால், என் வாக்கின் கதி என்ன? காயம் இல்லை என்று நினைத்துக் கொடுத்த வாக்கு. விபத்தில் ஒருவர் காயமுற்றாலும் பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தாலும், ஓட்டுநர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் விவரம் தெரிவிக்க வேண்டும் என்பது 134-ஆம் பிரிவு. இந்தக் கடமையை அவன் மறந்தான். அவனை மறக்கச் செய்தவன் நான்.

அவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேச்சே இல்லை. "நீ மறைந்தால்தான் உனக்குக் கேடு. நானும் வருகிறேன்" என்றேன். முதலாளியையும் அழைத்துக்கொண்டு வந்தான். மூவரும் காவல் நிலையம் சென்றோம். எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். நாங்கள் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் நிகழவில்லை. யாருக்கும் காயம் இல்லாத சொந்தச் சேதக் கோரிக்கைக்குப் பொதுவாக முதல் தகவல் அறிக்கை கேட்பதில்லை. காயமென்று வந்துவிட்டால் கதை வேறு. காவல் நிலையப் பதிவும் மருத்துவப் பதிவும் இல்லாமல் பின்னர் தீர்ப்பாயத்தில் பேசுவது கடினம்.

இனி, குற்றம் யாருடையது என்ற கேள்வி. 'பின்னால் இடித்தவன்மேல்தான் தப்பு' என்பது சாலையோர நீதி. பெரும்பாலும் நீதிமன்றமும் அதையே சொல்லும். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், ஒரு லாரியின் பின்னே 10 முதல் 15 அடி இடைவெளியில் கார் ஒன்று சென்றது, லாரி திடீரென்று நின்றது, கார் மோதியது. அந்த இடைவெளி போதுமானதன்று, பழி கார் ஓட்டுநருடையதே என்று நீதிமன்றம் கூறியது. இடைவெளியை அடியால் அளப்பதைவிட நேரத்தால் அளப்பது நல்லது. உகந்த சூழலில் குறைந்தது இரண்டு மூன்று விநாடி என்பது பொது வழக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மூன்று விநாடிக்கு 50 மீட்டர். 15 அடியோ ஐந்து மீட்டர்கூட இல்லை. கண் இமைப்பதற்குள் தீர்ந்துபோகும்.

ஆனால் இது மாறாத விதி அன்று. கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு விபத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதில் அடிபட்டவர் உங்களைப் போன்ற ஒரு பொறியியல் மாணவர். அவர் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, முன்னே சென்ற கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றது. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். மாணவர் காரின் பின்புறம் மோதிச் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர்மேல் ஏறியது. இடக்காலை இழந்தார். தீர்ப்பாயம், காரின்மேல் தவறே இல்லை என்றது. உயர் நீதிமன்றம் காருக்கும் பங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பின்றி நெடுஞ்சாலை நடுவில் வண்டியை நிறுத்துவது எக்காரணத்தாலும் நியாயமாகாது என்று கூறி, காருக்கு 50 விழுக்காடு, பேருந்துக்கு 30 விழுக்காடு, மாணவருக்கு 20 விழுக்காடு எனப் பொறுப்பைப் பிரித்தது.

அந்த 20 விழுக்காடு ஏன்? போதிய இடைவெளி விடவில்லை. செல்லுபடியாகும் உரிமமும் இல்லை. அவருக்குரிய இழப்பீடு 1,14,24,066 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 22,85,000 ரூபாய், கழிந்தது. காலை இழந்த ஓர் இளைஞருக்கு அந்தத் தொகை எத்தனை ஆண்டு உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

என் நிகழ்ச்சியில் குற்றம் யாருடையது என்பதில் ஐயமே இல்லை. சிவப்பு விளக்கில் நின்ற வண்டி, அவனே ஒப்புக்கொண்டான். அப்படியானால் பணமும் அவன் பாலிசியிலிருந்து நேரே வந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். என் மருமகனும் அப்படித்தான் எண்ணினான். குற்றம் ஒரு பக்கமும் பணத்தின் வழி வேறு பக்கமும் போகக்கூடும் என்பதுதான் இதில் பலரும் அறியாத செய்தி.

வழிகள் இரண்டு. அவனுடைய வண்டியின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின்மீது கோருவது ஒன்று. அந்தத் தேர்ட் பார்ட்டிப் பகுதி, வழக்கமான பாலிசியில், பிறர் பொருட்சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை ஈடு தரும். பிரீமியத்தில் சிறு தொகை மிச்சம் பிடிக்க அதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. அது தவறான சிக்கனம். ஆனால் இந்த வழி, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வாசல் வழியாகச் செல்வது. அங்கே தவறையும் தொகையையும் மெய்ப்பிக்க வேண்டும், காலம் பிடிக்கும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதியது. 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடலாகாது.

மற்றொரு வழி, என் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியில் என் நிறுவனத்திடமே கோருவது. இங்கே குற்றம் யாருடையது என்ற கேள்வியே முக்கியமில்லை. சேதம் நேர்ந்ததா, ஓட்டியவருக்கு உரிமம் இருந்ததா, உடனே அறிவித்தாரா என்பனவே கேள்விகள். சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, கணக்கைக் கேளுங்கள்.

மதிப்பிடுவதற்கு நிறுவனம் சர்வேயரை அனுப்பியது. அவர் வருமுன் ஓர் ஆணியைக்கூடக் கழற்றலாகாது. கழற்றிய பின் உள்ளே புதுச் சேதம் தெரிந்தால் அவரை மீண்டும் அழைத்துக் காட்ட வேண்டும். என் காரில் டிக்கியின் அடித்தகடு மடிந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. ஒர்க்ஷாப்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "இடப்பக்கக் கதவில் பழைய கீறல் ஒன்று இருக்கிறதே சார், அதையும் இதிலேயே சேர்த்துவிடலாமா?" என்றார். அவருக்கு அது குற்றமாகவே படவில்லை. வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரமாக நினைத்தார். பின்னால் இடிபட்ட வண்டிக்குப் பக்கக் கதவில் நீளக்கீறல் எப்படி வந்தது என்று எந்தச் சர்வேயரும் கேட்பார். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான சேதத்துக்கும் ஈடு கிட்டாமல் போகக்கூடும். அந்தக் கீறல் இன்றும் அப்படியே இருக்கிறது.

வரியை நீக்கி, எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். பம்பர் 9,000 ரூபாய், டிக்கிக் கதவும் அடித்தகடும் 14,000, விளக்கு 4,000, பின் கண்ணாடி 6,000, பெயிண்டிங் 8,000, டிங்கரிங் முதலிய கூலி 7,000. மொத்தம் 48,000. இதில் எனக்குக் கிடைப்பது எவ்வளவு? பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகம் பெறுகிறேன் அல்லவா? அந்த வேற்றுமையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புத் தகடுக்கு வண்டியின் வயதைப் பொறுத்தது. என் கார் நான்கு ஆண்டு கடந்து ஐந்துக்குள் இருந்ததால் 35 விழுக்காடு. பெயிண்டிங் கூலியில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதி. ஆகவே பம்பருக்கு 4,500, தகடுக்கு 9,100, விளக்குக்கு 2,000, கண்ணாடிக்கு 6,000, பெயிண்டிங்குக்கு 7,000, கூலிக்கு முழு 7,000. கூட்டினால் 35,600. இதிலும் 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். கிடைத்தது 34,600, என் கையிலிருந்து போனது 13,400. தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி ஒன்று உண்டு. 'பம்பர் டு பம்பர்' என்பார்கள். அதற்குச் சற்று அதிகப் பிரீமியம் கேட்டார்கள்; நான்தான் கஞ்சத்தனத்தால் வேண்டாம் என்றிருந்தேன்.

இத்துடன் முடியவில்லை. ஆண்டு முழுதும் கோரிக்கை ஏதும் செய்யாதவருக்கு, அடுத்த ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. 'நோ கிளெய்ம் போனஸ்' என்பது அதன் பெயர். முதல் ஆண்டு முடிவில் 20 விழுக்காடு. பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. எனக்கு அந்த ஆண்டு 50 கிடைக்க வேண்டியது. கோரிக்கை செய்ததால் அது பூச்சியம் ஆயிற்று. பெயரைக் கவனியுங்கள்: அது குற்றமற்றவருக்குத் தரும் பரிசன்று, கோராதவருக்குத் தரும் பரிசு. சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றவன் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தள்ளுபடிக்கு முந்திய சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போனஸை இழந்தவர் முதல் ஆண்டு 6,000 ரூபாய் அதிகம் கட்டுவார்; மறு ஆண்டு 3,600; பிறகு 3,000; 1,800; 600. ஆக, ஐந்து ஆண்டில் 15,000. வண்டியின் மதிப்புக் குறையக் குறையப் பிரீமியமும் குறையுமாதலால், மெய்யான தொகை இதிலும் சற்றுக் குறைவே. எனக்குக் கிடைத்தது 34,600. ஆகவே கோரியது சரி. சேதம் வெறும் பம்பர் மட்டுமாக இருந்து நான்காயிரம் ரூபாய்க்காகக் கோரியிருந்தால், நான்கைப் பெற்றுப் பதினைந்தை இழந்திருப்பேன். விபத்தை நிறுவனத்துக்கு அறிவிப்பது கடமை. கோரிக்கையைத் தொடர்வது கணக்குப் பார்த்துச் செய்வது.

உங்களுள் பலர் இருசக்கர வண்டியில் கல்லூரிக்குச் செல்பவர்கள். அநேகமாக அதற்குத் தேர்ட் பார்ட்டி மட்டுமே இருக்கும். அப்படியானால் பின்னால் இடிபடும்போது உங்கள் நிறுவனத்திடம் வண்டிச் சேதத்துக்காகக் கேட்க ஒன்றுமில்லை. இடித்தவரின் பாலிசியும் தீர்ப்பாயமுமே வழி. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டி பாலிசி எடுத்தாக வேண்டும். ஆறாம் ஆண்டு வந்ததை வீட்டில் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பாலிசியின் தேதியை இன்றே பாருங்கள்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை திருப்தி தராவிட்டாலும், இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவருடைய அலுவலகம் ஒன்று சென்னையிலும் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். எனக்கு அதற்குத் தேவை நேரவில்லை.

என் கையைக் கடித்த 13,400 ரூபாயைப் பற்றி அந்த முதலாளி, காவல் நிலைய வாசலிலேயே கேட்டார். தண்ணீர் கேன் வியாபாரம் செய்யும் சிறு முதலாளி, கணக்குத் தெரிந்தவர். கட்டாயக் கழிவான ஆயிரத்தைக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இருந்திராது. தேய்மானத் தொகையை அவர் தர வேண்டுமா என்பதோ வாதத்துக்கு உரியது; பழைய பம்பருக்குப் புதிய பம்பர் பெற்றவன் நான். அவர் பாலிசியின் நிபந்தனையையும் என் பாலிசியின் நிபந்தனையையும் அவருக்கு எடுத்துச் சொல்லி, கைம்மாற்றாக ஏதும் வேண்டாம், உங்கள் நிறுவனத்துக்கு விபத்தை உடனே எழுதி அறிவியுங்கள், அதுவே போதும் என்றேன். அன்றைக்கே எழுதினார். ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைக்கமாட்டீர்களே என்று கேட்டேன். அவர் விடை சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞன் தொலைபேசியில் அழைத்தான். சம்பளம் முழுதாக வந்துவிட்டதாம். "தம்பிக்குக் கழுத்து இப்போது எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டான். தம்பி அந்நேரம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். முன் வண்டிக்கு என்னைவிட ஒரு முழம் அதிகமாகவே இடம் விட்டிருந்தான்.